கணக்கு டீச்சரின் உரிமம்

வெளிநாட்டுப் பள்ளிகளில் வேலை பார்க்க விரும்பும் ஆசிரியர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த நாட்டில் சம்பளம் அதிகம் என்பதைத்தான். தில்லி துவாரகாவில் எங்கள் குடியிருப்பிலுள்ள தமிழ்க் குடும்பங்களில் பள்ளி ஆசிரியைகள் பலர் இருக்கிறார்கள். வரும் செப்டம்பரில் இங்கிலாந்தின் வடபகுதியில் ஓர் அரசுப் பள்ளியில் கணித ஆசிரியையாகச் சேரப் போகிறேன் என்ற செய்தி பரவியதிலிருந்து, மாலை நடையின்போதும் கிருத்திகையன்று மலை மந்திர் வரிசையில் நிற்கும்போதும் இந்தக் கேள்வி என்னைத் தேடி வருகிறது. என் பதில் கேட்பவர்களுக்கு ஏமாற்றமாகவே இருக்கிறது. சம்பளத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் உங்கள் பி.எட். மதிப்பெண் பட்டியலையும் வேலை பார்த்த பள்ளிகளின் அனுபவச் சான்றுகளையும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்கிறேன்.

கணினித் துறையில் இருப்பவரை எந்த நாட்டு நிறுவனமும் அவருக்குத் தெரிந்த வேலையைப் பார்த்தே எடுத்துக்கொள்கிறது. அவர் கல்லூரியில் எத்தனை நாள் செய்முறைப் பயிற்சி பெற்றார், எந்த வயதினருக்காகப் பயிற்றுவிக்கப்பட்டார் என்றெல்லாம் யாரும் துருவுவதில்லை. பள்ளி ஆசிரியரின் நிலை வேறு. பிள்ளைகள் முன்னால் நிற்பதற்கு ஒவ்வொரு நாடும் தன் உரிமத்தைத் தனியே வழங்குகிறது. ஒரு நாட்டின் உரிமம் அடுத்த நாட்டில் தானாகச் செல்லுபடியாவதில்லை. பிரிட்டனுக்குள்ளேயே இங்கிலாந்துக்கு ஒரு முறையும் ஸ்காட்லாந்துக்கு வேறு முறையும் இருக்கின்றன. கனடாவிலும் அமெரிக்காவிலும் மாகாணமோ மாநிலமோ மாறினால் உரிமமும் மாறும். ஆகவே, ஓர் ஆசிரியர் நாடு மாறுவது என்பது, அந்த நாட்டின் உரிமம் கேட்கும் கேள்விகளுக்குத் தன் கையிலுள்ள காகிதங்களைக் கொண்டு பதில் சொல்வதுதான். பதினைந்து ஆண்டு அனுபவமும் நல்ல ஆங்கிலமும் உடைய பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி நிற்கிறார்கள். அவர்களுடைய திறமைக்குக் குறைவில்லை, அதைச் சொல்லும் காகிதம்தான் அவர்களிடம் இல்லை.

என் அப்பாவுக்கு இது விளங்கவே இல்லை. எழுபதுகளின் இறுதியில் டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் சான்றிதழ்களோடு மத்திய அரசுத் தேர்வில் வெற்றி பெற்று, ஒரே ஒரு நியமன ஆணையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ்ஸில் தில்லிக்கு வந்து இறங்கியவர் அவர். “நீ அந்த ஊர்ல கணக்குதானே சொல்லித் தரப் போறே? இதுக்கு எதுக்கு இத்தனை ஃபைல்?” என்று கேட்டார். அவர் வந்தது ஓர் அரசின் ஒரு மூலையிலிருந்து அதே அரசின் மற்றொரு மூலைக்கு. இரண்டும் ஒரே முத்திரையை நம்பின. நான் போவது, என் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்டிராத ஓர் அதிகாரியின் மேசைக்கு என்று சொன்னேன். ஓய்வுபெற்ற செக்‌ஷன் ஆபீசரான அவருக்கு அந்த விளக்கம் உடனே புரிந்துவிட்டது. அன்றிலிருந்து என் கோப்புகளுக்கு வரிசை எண் போட்டு, எந்தச் சான்றிதழ் யாரிடமிருந்து வர வேண்டும் என்று தனி நோட்டில் எழுதி வைப்பதை அவரே தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

நான் முதலில் விரும்பியது ஆஸ்திரேலியாவை. அங்கே திறன்சார் குடியேற்றத்துக்கு ஆசிரியர்களின் தகுதியை மதிப்பிடும் அமைப்பு, பட்டப்படிப்பும் ஆசிரியர் பயிற்சியும் சேர்ந்து குறைந்தது நான்கு ஆண்டு முழுநேரப் படிப்பு இருக்க வேண்டும் என்கிறது. மூன்றாண்டு பி.எஸ்ஸி.யும் ஓராண்டு பி.எட்.டும் படித்த என் தலைமுறைக்கு அது சரியாகப் பொருந்துகிறது. ஆனால், பயிற்சியின்போது மேற்பார்வையுடன் வகுப்பெடுத்த நாட்கள் குறைந்தது 45 இருக்க வேண்டும் என்றும் அது கேட்கிறது. திருச்சியில் பாட்டி வீட்டில் தங்கி நான் பி.எட். படித்த காலத்தில் கற்பித்தல் பயிற்சி 40 நாள்தான். அதற்குப் பிறகு எத்தனை ஆண்டு வகுப்பெடுத்திருந்தாலும் அந்த ஐந்து நாள் குறையை நிரப்ப முடியாது, ஏனெனில் கேட்கப்படுவது பயிற்சிக் காலத்து நாட்கள். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-ஆம் ஆண்டின் விதிமுறைகளால் பி.எட்.டை இரண்டு ஆண்டாக்கி, பள்ளிப் பயிற்சியை 20 வாரமாக உயர்த்தியது. எனவே 2015-க்குப் பிறகு சேர்ந்து படித்த இளையவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்கள் கவனிக்க வேண்டியது ஆங்கிலத் தேர்வை. ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் தேர்வில் வாசிப்பிலும் எழுத்திலும் 7, கேட்டலிலும் பேச்சிலும் 8 பெற வேண்டும். பேச்சில் 8 என்பது, ஆங்கிலவழிப் பள்ளியில் ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்துபவர்களுக்கும் எளிதில் கிடைக்கும் மதிப்பெண் அன்று.

வளைகுடாவைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. நம்மவர்களுக்கு நன்கு தெரிந்த வழி அது. என் சித்தி மகள் ஐக்கிய அரபு அமீரகத்தில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறாள். வருமான வரி இல்லை. பணி முடித்து வெளியேறும்போது, முதல் ஐந்து ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டுக்கும் 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்கிறது. பாடநூலும் தேர்வு முறையும் பழகியவையே. ஆனால் அதே ஊரில் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியில் தரும் சம்பளத்துக்கும் இந்தியப் பாடத்திட்டப் பள்ளியில் தரும் சம்பளத்துக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரியது. அங்கே போனவர்கள் சொல்லித்தான் எனக்கு அது தெரிய வந்தது. சான்றிதழ்களை மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், சாணக்கியபுரியிலுள்ள தூதரகம் என்று படிப்படியாக முத்திரையிட்டு வாங்க வேண்டும். தில்லித் தமிழர்களுக்கு இதில் ஒரு கூடுதல் அலைச்சல் உண்டு. தூதரகம் வீட்டிலிருந்து மெட்ரோ தூரத்தில் இருந்தாலும், தமிழ்நாட்டில் வாங்கிய பட்டத்துக்கு முதல் முத்திரை தமிழ்நாட்டிலிருந்தே வர வேண்டும்.

தமிழாசிரியர்கள் சிலரும் என்னிடம் கேட்டார்கள். தமிழ் ஆட்சிமொழியாகவும் பள்ளிகளில் தாய்மொழிப் பாடமாகவும் உள்ள சிங்கப்பூரை அவர்கள் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. மற்ற நாடுகளில் தமிழ் பெரும்பாலும் வார இறுதி வகுப்பாகவே இருக்கிறது. அதை நம்பிக் குடும்பத்தோடு பெயர முடியாது.

இனி இங்கிலாந்து. 2023 பிப்ரவரி 1 அன்று அந்நாட்டுக் கல்வித் துறை, வெளிநாட்டில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், அந்நாட்டின் உரிமமான ‘ஆசிரியர் தகுதிநிலை’ கோரி விண்ணப்பிக்கும் புதிய இணையவழி முறையைத் தொடங்கியது. இந்தியா, கானா, ஹாங்காங், ஜமைக்கா, நைஜீரியா, சிங்கப்பூர், தென்னாப்பிரிக்கா, உக்ரைன், ஜிம்பாப்வே ஆகிய ஒன்பது இடங்களின் ஆசிரியர்களுக்கு அப்போதுதான் புதிதாக வாய்ப்புத் திறந்தது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர் கணிதம், அறிவியல், மொழிகள் ஆகியவற்றில் ஒன்றை, 11 முதல் 16 வயதுள்ள மாணவர்களுக்குக் கற்பிக்கத் தகுதி பெற்றவராக இருக்க வேண்டும். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் வரலாறு, புவியியல், வணிகவியல் ஆசிரியர்களுக்கும் இந்த வழி இல்லை. அவர்கள் இந்தியாவில் இருந்தபடியே இங்கிலாந்துப் பயிற்சி நிறுவனங்கள் நடத்தும் ஐ.க்யூ.டி.எஸ். (அதே தகுதிநிலைக்கான பன்னாட்டுப் படிப்பு) போன்ற பயிற்சியைப் பணம் கட்டிப் படிக்கலாம். அது வேறு கணக்கு.

இந்த 11–16 என்ற வயது வரம்பில்தான் தில்லி ஆசிரியர்களுக்கு எதிர்பாராத ஒரு முரண் காத்திருக்கிறது. ஆறு முதல் பத்து வரை எடுப்பவரை டி.ஜி.டி. என்றும், பதினொன்று, பன்னிரண்டு எடுப்பவரை பி.ஜி.டி. என்றும் அழைக்கிறோம். பி.ஜி.டி. ஆவது பதவி உயர்வு. ஆசிரியர் அறையில் நாற்காலியின் இடம்கூட மாறும். ஆனால் இங்கிலாந்து கேட்கும் வயது, ஏறத்தாழ நம் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை. ஆக, டி.ஜி.டி.யாகவே இருந்துவிட்ட என் காகிதங்கள் நேராகப் பொருந்தின. என்னைவிட அதிகம் படித்து, பல ஆண்டுகளாகப் பன்னிரண்டாம் வகுப்புக்கு மட்டுமே நுண்கணிதம் எடுத்துவரும் சக ஆசிரியையின் அனுபவச் சான்றில் ‘மேல்நிலை வகுப்புகள்’ என்று மட்டும் இருந்தது. அவர் முன்பு எட்டாம் வகுப்பு எடுத்த காலத்தையும் சேர்த்து, வகுப்பும் மாணவர் வயதும் ஆண்டுவாரியாக வருமாறு புதிதாகச் சான்று வாங்கச் சொன்னேன். நம் பள்ளிகள் கொடுக்கும் அனுபவச் சான்று, இன்னார் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பணியாற்றினார், அவருடைய நடத்தை நன்று என்ற இரண்டு வரியோடு முடிந்துவிடுகிறது. அந்த நடத்தையைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்பது பாடம், வகுப்பு, வயது, வாரத்துக்கு எத்தனை பாடவேளை என்பவற்றை. என் பி.எட். கல்லூரியிடமும், எந்தப் பாடத்தைக் கற்பிக்க, எந்த வகுப்புகளுக்காகப் பயிற்சி தரப்பட்டது என்று விளக்கும் கடிதம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டேன். அதற்குத் திருச்சியிலுள்ள மாமாதான் நடையாய் நடந்தார்.

பெயர்ப் பிரச்சினை தமிழர்களுக்கே உரிய கொடை. பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்தோடு என் பெயர், தில்லியில் குடும்பப் பெயர் கட்டாயம் என்று கல்லூரியில் அப்பாவின் முழுப் பெயரும் சேர்ந்தது, பி.எட்.டில் மறுபடியும் தலைப்பெழுத்து, இம்முறை பெயருக்குப் பின்னால். கடவுச்சீட்டில் கணவர் பெயர். நான்கும் ஒரே பெண்தான் என்பதற்கு உறுதிமொழிப் பத்திரமும் திருமணப் பதிவுச் சான்றும் வேண்டியிருந்தன. வட இந்தியத் தோழிகளுக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. உங்கள் மகளுக்கோ மகனுக்கோ பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர் பதிவு செய்கிறீர்கள் என்றால், கடவுச்சீட்டில் எப்படி எழுதப் போகிறீர்களோ அப்படியே அங்கேயும் எழுதிவிடுங்கள்.

தகுதிநிலை கிடைத்துவிட்டால் வேலை கிடைத்ததாகப் பொருளில்லை. வேலையைத் தனியே தேட வேண்டும், அதற்கு ஒரு பருவம் இருக்கிறது. இங்கிலாந்தின் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் கோடைக்குப் பின் வேலையை விட வேண்டுமானால், வழக்கமாக மே 31-க்குள் பதவி விலகல் கடிதம் கொடுத்துவிட வேண்டும். எனவே செப்டம்பருக்கான காலியிடங்கள் பிப்ரவரியிலிருந்து மே வரை குவிகின்றன. அது நமக்கு ஆண்டுத் தேர்வு, விடைத்தாள் திருத்தம், புதிய கல்வியாண்டின் தொடக்கம் எல்லாம் ஒன்றாக வரும் காலம். கோடை விடுமுறையில் நிதானமாகப் பார்க்கலாம் என்று ஜூனில் உட்காருபவருக்கு மிச்சம் மீதிதான் இருக்கும். காலியிடங்களை அரசே ஒரு கட்டணமற்ற இணையதளத்தில் வெளியிடுகிறது. விசாவுக்கு ஆதரவு தரும் பள்ளியா என்பதும் பல விளம்பரங்களில் தெரிகிறது.

நேர்காணலில் என்னை அசைத்தது கணிதம் அன்று. “ஒரு மாணவி உங்களிடம் வந்து, வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள் என்கிறாள். என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார்கள். நம் இயல்பு முதலில் சத்தியம் செய்து பிள்ளையைத் தேற்றுவது, அல்லது பெற்றோரை அழைத்துப் பேசுவது. இரண்டும் தவறான விடைகள். ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்கக் கூடாது. துருவித் துருவிக் கேள்வி கேட்கக் கூடாது. பிள்ளை சொன்னதைச் சொன்ன சொல்லிலேயே எழுதி, பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புக்கென்று பொறுப்பளிக்கப்பட்டவரிடம் அன்றே ஒப்படைக்க வேண்டும். பெற்றோரிடம் பேசுவதா இல்லையா என்பதை முடிவு செய்வது அவருடைய வேலை. இதை நான் முன்கூட்டியே படித்திருந்ததால் தப்பித்தேன். நம் நாட்டிலும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. ஆனால் நான் வேலை பார்த்த பள்ளிகளில் அதைப் பற்றிய பயிற்சி ஒரு கையெழுத்தோடு முடிந்தது. அங்கே ஒவ்வொரு கல்வியாண்டும் தொடங்கும்போது பள்ளி ஊழியர் அனைவரும் அரசின் குழந்தைப் பாதுகாப்பு வழிகாட்டி ஆவணத்தில் தங்களுக்குரிய பகுதியைப் படித்தாக வேண்டும். நியமனத்தின்போது கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் ஒன்று. வெளிநாட்டுக்குப் போக ஆங்கில உச்சரிப்பைத் திருத்திக்கொண்டிருப்பவர்கள் அந்த நேரத்தில் பாதியை இதற்குச் செலவிடலாம்.

பாடத்திலும் மாற்றங்கள் உண்டு. பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. கணிதத்தில் மூன்று தாள்கள். முதல் தாளில் கால்குலேட்டர் கூடாது, மற்ற இரண்டிலும் உண்டு. சி.பி.எஸ்.இ. வாரியத் தேர்வில் கால்குலேட்டரைத் தொடாமலே வளர்ந்த நான், அதை வைத்துக்கொண்டு எப்படிச் சிந்திக்க வைப்பது என்று இப்போது கற்றுக்கொண்டிருக்கிறேன். மதிப்பெண் 9 முதல் 1 வரை. மாணவர்கள் அடிப்படை நிலை, உயர்நிலை என்ற இரண்டில் ஒன்றை எழுதுகிறார்கள், அடிப்படை நிலையில் எட்டக்கூடிய உச்சம் 5. யாரை எந்த நிலைக்கு அனுப்புவது என்பதில் ஆசிரியருடைய கணிப்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது. எனக்கு இது கொஞ்சம் அச்சமளிக்கிறது. மீப்பெரு பொதுக் காரணியைப் பகாக் காரணிகளை வென் படத்தில் எழுதிக் காட்டுகிறார்கள். நம் ஏணி முறையைவிட அது தெளிவாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். லட்சமும் கோடியும் அங்கே கிடையாது என்பதால், கரும்பலகையில் காற்புள்ளி இடும் என் கைப்பழக்கத்தையும் மாற்ற வேண்டும்.

பணத்துக்கு வருகிறேன். 2025 செப்டம்பர் நிலவரப்படி, லண்டனுக்கு வெளியே அரசுப் பள்ளி ஆசிரியரின் முதன்மைச் சம்பள அளவுகோல் ஆண்டுக்கு 32,916 பவுண்டில் தொடங்கி 45,352-இல் முடிகிறது. உள்-லண்டனில் தொடக்கமே 40,317. ரூபாயில் பெருக்கிப் பார்த்து மயங்குவது எளிது. தொடக்கச் சம்பளத்தில் ஆசிரியர் ஓய்வூதியத்துக்கு 7.4 சதவீதம், 12,570 பவுண்டுக்கு மேல் 20 சதவீத வருமான வரி, 8 சதவீதத் தேசியக் காப்பீடு ஆகியவை போனால் கையில் வருவது மாதம் ஏறத்தாழ 2,100 பவுண்டு. அதிலிருந்து வாடகை, நகராட்சி வரி, மின்சாரம், வெப்பமூட்டும் செலவு. ஒருவர் சம்பளத்தில் மூன்று பேர் வாழ்வது இறுக்கமாகவே இருக்கும். நல்லவேளையாக, ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் வரும் ஆசிரியரின் வாழ்க்கைத்துணை வேலை பார்க்கலாம். அளவுகோலில் எந்தப் படியில் வைப்பது என்பதைப் பள்ளிதான் தீர்மானிக்கிறது என்பதையும் பலர் அறிவதில்லை. வெளிநாட்டு அனுபவத்தை அவர்கள் தாமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை; வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே கேட்டுப் பெற வேண்டும். நான் கேட்டேன், படி உயர்ந்தது.

போவதற்கு முன்னால் கட்ட வேண்டியதுதான் பெரிய தொகை. மூன்றாண்டு விசாவுக்கு, நான் கணக்குப் போட்டபோது இருந்த கட்டணம் ஒருவருக்கு 769 பவுண்டு. அதற்கு மேல் சுகாதாரக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்குப் பெரியவருக்கு 1,035, குழந்தைக்கு 776. மூன்றாண்டுக்கும் மொத்தமாக முன்கூட்டியே கட்ட வேண்டும். கணவர், நான், மகள் மூவருக்கும் சேர்த்து 10,845 பவுண்டு. பவுண்டு 120 ரூபாய் என்று வைத்தால் 13 லட்சம். மருத்துவப் பணியாளர்களுக்குச் சுகாதாரக் கட்டணத்தில் விலக்கு உண்டு, ஆசிரியர்களுக்கு இல்லை. காசநோய்ப் பரிசோதனை, காவல்துறைச் சான்று, விமானச் சீட்டு, போய் இறங்கியதும் வாடகை முன்பணம் ஆகியவை தனி. நாங்கள் இதற்காகக் கடன் வாங்கவில்லை, கணவரின் சேமிப்பையும் என் நகைச் சீட்டையும் சேர்த்தோம். கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்றால், ஆசிரியர் மட்டும் முதலில் போய் ஓராண்டு கழித்துக் குடும்பத்தை அழைப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

இதில் முகவர்களுக்குக் கொடுக்க வேண்டியது எதுவுமில்லை. பிரிட்டனில் வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடமே கட்டணம் வாங்குவதை 1973-ஆம் ஆண்டின் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. விசா ஆதரவுச் சான்றுக்கான கட்டணத்தையும் வெளிநாட்டவரை வேலைக்கு எடுப்பவர் அரசுக்குக் கட்டும் குடியேற்றத் திறன் வரியையும் பள்ளி நம்மிடம் வசூலிக்கக் கூடாது. இந்தியாவிலும் பதிவு பெற்ற ஆட்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. ஆனால் பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்குப் பொதுவாகக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை என்பதால், ஆசிரியர்கள் அந்தச் சோதனைச் சாவடி வழியாகவே போவதில்லை. படித்தவர்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்வார்கள் என்று அரசு கருதுகிறது. ‘உறுதியான வேலை’ என்று சொல்லி நான்கு லட்சம் கேட்ட ஓர் அலுவலகத்தில் என்னோடு வரிசையில் அமர்ந்திருந்தவர்கள் அனைவரும் முதுகலைப் பட்டதாரிகள்.

யார் போகலாம், யார் போக வேண்டாம் என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. தில்லி அரசுப் பள்ளியில் டி.ஜி.டி.யின் அடிப்படைச் சம்பளம் 44,900-இல் தொடங்குகிறது, பி.ஜி.டி.க்கு 47,600. அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் அதற்கு மேல். நிரந்தர வேலை, சொந்த வீடு, அருகில் பெற்றோர் என்று இருப்பவர் இதை விட்டுவிட்டு இங்கிலாந்தின் தொடக்கப் படிக்குப் போவதில் பண லாபம் பெரிதாக இல்லை. வேறு காரணம் இருந்தால் போகலாம். தனியார் பள்ளி ஆசிரியர்களின் நிலைமை வேறு. அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளி, அரசுப் பள்ளி ஆசிரியருக்கு இணையான ஊதியத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்று 1973-ஆம் ஆண்டின் தில்லிப் பள்ளிக் கல்விச் சட்டம் 10-ஆம் பிரிவில் சொல்கிறது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் அந்தத் தொகை வங்கிக் கணக்கில் சரியாக வரும். அதன் ஒரு பகுதியை மறுநாள் ரொக்கமாக அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். என் போன்றவர்களுக்கு வெளிநாடு என்பது கூடுதல் பணத்தைவிட, காகிதத்தில் எழுதிய சம்பளம் கைக்கு வரும் இடம் என்பதால்தான் ஈர்ப்பு. வாரத்தின் கற்பிக்கும் நேரத்தில் குறைந்தது பத்தில் ஒரு பங்கைப் பாடம் தயாரிப்பதற்கும் திருத்துவதற்கும் ஒதுக்க வேண்டும் என்று அங்கே விதியே இருக்கிறது; இங்கே என் ‘ஃப்ரீ பீரியட்’ எல்லாம் வராத ஆசிரியரின் வகுப்புக்கே போயின. அங்கும் வேலைப்பளு தாங்காமல் பல ஆசிரியர்கள் தொழிலை விட்டு விலகுகிறார்கள் என்பதை நான் மறக்கவில்லை. கணிதத்துக்கு ஆள் கிடைக்காமல் அவர்கள் நம்மைத் தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நிரந்தரமாகத் தங்கும் உரிமை நிச்சயம் என்று யாரும் கணக்குப் போட்டுவிடக் கூடாது. ஐந்து ஆண்டில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை கோரலாம் என்பதை நம்பித்தான் பலர் கிளம்பினார்கள். 2025 மே மாதம் வெளியான குடியேற்ற வெள்ளை அறிக்கை அதைப் பொதுவாகப் பத்து ஆண்டாக உயர்த்தும் திட்டத்தை முன்வைத்தது. விசாவுக்கு வேண்டிய ஆங்கில நிலையும் 2026 ஜனவரி 8 முதல் ஒரு படி உயர்ந்துவிட்டது. போகிறவர் ஐந்தாண்டு வேலை பார்த்துத் திரும்பினாலும் நட்டமில்லை என்ற கணக்கில் போவதே பத்திரம். இங்கே வருங்கால வைப்பு நிதியில் பத்தாண்டுப் பணியைக் கடந்துவிட்டேன் என்பதால் ஓய்வூதிய உரிமையை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். பணத்தை எடுத்துவிடு என்று சொன்னவர்கள் பேச்சை அப்பா கேட்கவிடவில்லை.

இப்போது மீதி இருப்பது மகளின் பள்ளி. அவள் செப்டம்பரில் ஏழாம் ஆண்டு வகுப்பில், அதாவது அங்கே உயர்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பில் சேர வேண்டும். அதற்கான பொது விண்ணப்பத்தின் கடைசி நாள் முந்தைய அக்டோபர் 31. அப்போது எனக்கு வேலையே கிடைத்திருக்கவில்லை. தாமதமாக விண்ணப்பிக்க அந்த ஊரில் முகவரி வேண்டும். முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும், அதற்கு நாங்கள் அங்கே இருக்க வேண்டும். நான் சேரும் பள்ளியிலேயே இடம் கேட்கலாமா என்று பார்த்தேன். ஆள் கிடைக்காத பாடத்துக்காக எடுக்கப்பட்ட ஊழியரின் பிள்ளைக்கு முன்னுரிமை தரலாம் என்று அங்குள்ள சேர்க்கை விதித்தொகுப்பு அனுமதிக்கிறது. ஆனால் அந்த முன்னுரிமையைப் பள்ளி தன் சேர்க்கைக் கொள்கையில் எழுதி வைத்திருந்தால்தான் செல்லும். கேட்டு எழுதினேன். தங்கள் கொள்கையில் அது இல்லை என்றும், ஏழாம் ஆண்டு வகுப்பு நிரம்பிவிட்டதால் காத்திருப்போர் பட்டியலில் சேர்ப்பதாகவும், நகராட்சிக்கு விண்ணப்பித்தால் அருகிலுள்ள வேறு பள்ளியில் இடம் கிடைக்கும் என்றும் பள்ளி அலுவலகம் பதில் அனுப்பியிருக்கிறது. ஆகஸ்ட் இரண்டாம் வாரத்துக்கு மூவருக்கும் டிக்கெட் போட்டிருக்கிறோம். போன மறுநாளே வீடு பார்க்க வேண்டும்.